ஜெனரேட்டர் மக்கர் பண்ணுகிறதா? வைத்த இடத்தையும் இணைப்பையும் முதலில் பாருங்கள்

கரண்ட் போன ராத்திரியில் ஜெனரேட்டர் மக்கர் பண்ணினால் கை முதலில் ஸ்பேனரைத்தான் தேடும். பிளக்கைக் கழற்றுவோம், கார்புரேட்டரைத் திறப்போம். வீட்டு ஜெனரேட்டர்களில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாதி மெஷினுக்குள் இருந்ததில்லை. அதை எங்கே வைத்தார்கள், வீட்டு ஒயரிங்கோடு எப்படிச் சேர்த்தார்கள் என்பதில்தான் இருந்தன. இடம் சரியில்லை என்றால் அது எஞ்சின் கோளாறு மாதிரி வேஷம் போடும். இணைப்பு சரியில்லை என்றால் அது ஆல்டர்நேட்டர் (எஞ்சின் சுழற்ற, கரண்டை உண்டாக்கும் பகுதி) கோளாறு மாதிரி தெரியும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இடம், இணைப்பு, கடைசியாக மெஷின் என்ற வரிசையிலேயே தேடியிருக்கிறேன்.

இதெல்லாம் 2 முதல் 5 கே.வி.ஏ. வரை உள்ள, கையால் நகர்த்தக்கூடிய பெட்ரோல் ஜெனரேட்டர்களுக்கு. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கணக்கில் எழுதியிருக்கிறேன். உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள் இரண்டு, அவை முதலில். மெயின் போர்டைத் திறந்து செய்யும் வேலை எதுவானாலும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எதைச் செய்யச் சொல்ல வேண்டும், செய்தது சரியா என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

## வீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல்

ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடுகிறது, விளக்கெல்லாம் எரிகிறது. ஆனால் ஒருவருக்குப் பின் ஒருவராகத் தலை வலிக்கிறது என்கிறார்கள். காய்ச்சல் இல்லை. குழந்தை சோர்ந்து சுருண்டு படுக்கிறது, பெரியவருக்கு எழுந்தால் தள்ளுகிறது. வெளியே போய் நின்றால் கொஞ்சம் தேவலை போல் இருக்கிறது. இது கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. புகை வாசம் அடிக்கவில்லை என்பதை வைத்து வீட்டுக்குள் வரவில்லை என்று முடிவு செய்ய முடியாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை இந்த வாயு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த இடத்தை எளிதில் விடாது.

உடனே எல்லாரையும் திறந்தவெளிக்குக் கொண்டு வாருங்கள். தூங்குகிறவர்களை எழுப்பிக் கூட்டி வாருங்கள். அசதியில் தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். மெஷினை நிறுத்துவது இதற்கெல்லாம் அப்புறம்தான்; அதுவும் வீட்டுக்குள் நுழையாமல் போக வழி இருந்தால் மட்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று நிம்மதியடையாதீர்கள். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, நல்ல எண்ணையே காட்டும். வெளியே வந்ததும் தலைவலி குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்து ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் அது வேகமாக இறங்கும்.

இப்போது இடத்துக்கு வருவோம். கார் ஷெட்டில் ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டுத்தானே வைத்தோம் என்பார்கள். போதாது. பால்கனி, மாடிப்படிக்கு அடி, இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே உள்ள சந்து, ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு நீட்டிக்கொண்டிருக்கும் இடம், எதுவும் ஆகாது. கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தள்ளி, சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலையும் சேர்த்து அளக்க வேண்டும். 6 மீட்டர் இடம் இல்லாத வீட்டில் பெட்ரோல் ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். பேட்டரி இன்வெர்ட்டர்தான் அந்த வீட்டுக்குச் சரி. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

தள்ளி வைத்தும் புகை உள்ளே வருவதற்கு ஒரு காரணம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக இன்னொரு ஜன்னல் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்த ஜன்னல் ஜெனரேட்டர் பக்கம் இருந்தால் புகையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஜன்னல் இடுக்கில் மேல்புறம் ஒட்டித் தொங்கவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். தாள் உள்பக்கம் சாய்ந்தால் அந்த ஜன்னல் காற்றை இழுக்கிறது. ஜெனரேட்டர் ஓடாதபோதே இதை எல்லா ஜன்னலிலும் செய்துவிடலாம், பத்து நிமிஷ வேலை. இழுக்கிற ஜன்னல்களை மூடி வையுங்கள், ஜெனரேட்டர் ஓடும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதீர்கள்.

படுக்கும் அறைக்குப் பக்கத்தில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். சாதாரணப் புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது. கரண்டில் மட்டும் ஓடும் அலாரம் கரண்ட் போன நேரத்தில் பயன்படாது.

## தெருவே இருட்டு, ஒரே ஒரு பல்பு போட்டதற்கு ஜெனரேட்டர் முக்குகிறது

எஞ்சின் சத்தம் திடீரென்று கனக்கிறது, பிரேக்கர் விழுகிறது, இல்லையென்றால் மெஷின் அப்படியே அமுங்கி நின்றுவிடுகிறது. வீட்டில் லோடே இல்லை. இதை எஞ்சின் பலவீனம் என்று நினைத்து மெக்கானிக்கைத் தேடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மெயின் ஸ்விட்ச். அது ஆன் நிலையில் இருந்தால், உங்கள் 3 கே.வி.ஏ. மெஷின் தெரு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கப் பார்க்கிறது. உடனே மெஷினை நிறுத்துங்கள்.

இதில் ஆபத்து உங்கள் மெஷினுக்கு மட்டும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். மேலிருந்து வரும் 11,000 வோல்ட்டை 230 ஆக இறக்குகிற அதே டிரான்ஸ்ஃபார்மர், கீழிருந்து 230 கொடுத்தால் மேலே 11,000 ஆக ஏற்றிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் கையில் அது பாயும். ஜெனரேட்டர் சுமை தாங்காமல் நின்றுவிடுமே என்ற தைரியம் வேண்டாம். அறுந்து விழுந்த கம்பியால் உங்கள் பக்கம் நாலைந்து வீடுகள் மட்டும் தனியாகிப் போயிருந்தால் மெஷின் நிற்காமலே ஓடும். கம்பத்தில் இருப்பவருக்கு ஒரு நொடி போதும்.

இது நேர்வது பெரும்பாலும் இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த ஒயரால். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவரில் உள்ள 15 ஆம்பியர் பிளக் பாயின்டில். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், எலக்ட்ரீஷியனே செய்து கொடுத்ததும் உண்டு. அந்த ஒயரில் ஒரு முனை செருகியிருக்க, மறுமுனையின் பித்தளைப் பின்கள் கரண்டோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தை தொட்டால் என்ன ஆகும்? உங்கள் வீட்டில் அப்படி ஒரு ஒயர் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள். சுருட்டி அலமாரியில் வைத்தால் அவசரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள்.

மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் போடுவேன் என்பவர்கள் உண்டு. நீங்கள் மறக்காமல் செய்வீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வீட்டில் இருப்பவருக்கு அந்த வரிசை தெரியுமா? மெயின் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க யாராவது ஸ்விட்சைத் தூக்கினால்? அப்போது மின்வாரியத்தின் கரண்டும் உங்கள் மெஷின் கரண்டும் நேருக்கு நேர் மோதும். இரண்டின் அலைகளும் ஒரே தாளத்தில் இருக்காது. ஆல்டர்நேட்டர் சுருள் கருகும், சில நேரம் தீயே பிடிக்கும்.

தீர்வு ஒன்றுதான்: சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். மேலே மெயின், கீழே ஜெனரேட்டர், நடுவில் இரண்டும் இல்லாத பூஜ்ய நிலை. கைப்பிடி ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் இருக்க வழியே இல்லாத அமைப்பு அது. ஃபேஸை மட்டும் மாற்றும் ஒற்றை முனை ஸ்விட்ச் வேண்டாம்; ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் டபுள் போல் ஸ்விட்ச் கேட்டு வாங்குங்கள். காரணம் கீழே வருகிறது. அது மாட்டும் வரை, ஜெனரேட்டரிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து ஃபிரிட்ஜையும் இரண்டு விளக்கையும் நேரடியாக அதிலேயே செருகி ஓட்டுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் பாதுகாப்பானது.

கூரையில் சோலார் இருந்தால் இன்னொரு விஷயம். ஜெனரேட்டர் கொடுக்கும் 230 வோல்ட்டைப் பார்த்து, மெயின் வந்துவிட்டது என்று சோலார் இன்வெர்ட்டர் நினைத்துக்கொண்டு தன் கரண்டையும் அதில் தள்ளலாம். ஜெனரேட்டரால் அதை வாங்கிக்கொள்ள முடியாது. சோலார் இணைப்பு சேஞ்ச் ஓவருக்கு மெயின் பக்கம் இருக்க வேண்டும், வீட்டு லோடு பக்கம் இருக்கக் கூடாது.

## இருபது நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

முதலில் எப்படி நின்றது என்று கவனியுங்கள். சாவியைத் திருப்பியது போல் சட்டென்று நின்றதா, இல்லை திணறித் திணறி நின்றதா?

சட்டென்று நின்றால் ஆயிலைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் பெரும்பாலான மெஷின்களில் உண்டு. ஆயில் சரியாக இருந்தும் தரை சாய்வாக இருந்தால் அதே சென்சார் ஏமாந்துவிடும். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் விட்டுப் போட்ட முற்றத்தில் வைத்தால் இது நடக்கும். சமதளத்தில் வைத்துப் பாருங்கள், கதை முடிந்துவிடும்.

திணறி நின்றால் டேங்க் மூடியை லேசாகத் தளர்த்துங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுபோகிறது. மூடியைக் கழுவினால் சரியாகிவிடும், தளர்த்தியபடியே ஓட்டாதீர்கள்.

இரண்டும் இல்லை, மெஷின் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்றால், பெட்டிதான் காரணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கரண்டாக வெளியே வருகிறது. மீதி நாலு பங்கும் வெப்பம். 2,000 வாட் லோடு ஓடுகிறது என்றால் 8,000 வாட் அளவுக்கு வெப்பம் வெளியாகிறது. 2,000 வாட் ரூம் ஹீட்டர் நாலை ஒரு அலமாரிக்குள் வைத்துப் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் முதலில் கட்டிய பெட்டிக்கு நாலு பக்கமும் துளை போட்டிருந்தேன். தாராளமாகக் காற்று வரும் என்று எண்ணினேன். அரை மணிக்குள் மெஷின் திணறியது. ஒரு தெர்மாமீட்டரை எஞ்சின் காற்றை இழுக்கும் முகப்பில் கட்டித் தொங்கவிட்டேன். வெளியே 31 டிகிரி, அங்கே 58. துளைகளுக்குக் குறைச்சல் இல்லை. எஞ்சின் கக்கிய வெந்த காற்றே பெட்டிக்குள் சுற்றிவந்து மறுபடி அதன் முகத்துக்கே போய்க்கொண்டிருந்தது. எத்தனை துளை என்பதை விட, உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் காற்றும் கலக்காமல் பிரித்து வைத்தோமா என்பதுதான் கேள்வி.

கயிறு இழுக்கும் பக்கம் இருக்கிறதே, அதற்குள்தான் குளிர்விக்கும் விசிறி இருக்கிறது. அங்கிருந்துதான் மெஷின் காற்றை உறிஞ்சும். சைலன்சர் பக்கமாக வெப்பத்தைத் தள்ளும். ஆகவே கயிற்றுப் பக்கச் சுவரின் கீழ்ப்பாதியில் பெரிய திறப்பு, சைலன்சர் பக்கச் சுவர் முழுவதும் திறப்பு, இரண்டுக்கும் நடுவே மெஷினின் உடம்பை ஒட்டி ஒரு தகரத் தடுப்பு. நான் அந்தத் தடுப்பை வைத்த பிறகு முகப்பில் வெப்பம் 36-க்கு இறங்கியது. மெஷின் நிற்கவே இல்லை.

பெட்டியை விட நல்லது நாலு கால் நட்டு மேலே தகரம் போட்ட கொட்டகை. சுவரே வேண்டாம். சுற்றிலும் எல்லாப் பக்கமும் குறைந்தது 1 மீட்டர் காலியாக இருக்கட்டும். மரப்பலகை, தார்ப்பாய், ஓலை எதுவும் சைலன்சர் பக்கம் வேண்டாம். தரை கான்கிரீட், அதன் மேல் ரப்பர் கட்டை. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருந்தால் மழைத்தண்ணீர் தேங்கினாலும் நனையாது. சாரல் சாக்கெட் பக்கம் அடிக்கிறதா என்று ஒரு மழையில் நின்று பாருங்கள்.

சைலன்சரில் நீளமான குழாய் சேர்த்துப் புகையைத் தூரக் கொண்டுபோகலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். குழாய் நீளமும் வளைவும் கூடக் கூட எஞ்சின் மூச்சுவிடத் திணறும். இணைப்பு அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக, நீங்கள் பாதுகாப்பு என்று நம்பிய இடத்திலேயே புகை கசியும்.

## ஸ்டார்ட் ஆகவே இல்லை, அல்லது சோக் போட்டால்தான் ஓடுகிறது

பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா, ஆயில் இருக்கிறதா. மூன்றும் சரி என்றால் பெட்ரோல் எத்தனை நாள் பழசு என்று யோசியுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் பிசின் போல் ஆகி ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையை, அடைத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். சோக் போட்டால் மட்டும் ஓடுவதும், லோடே இல்லாமல் எஞ்சின் ஏறி இறங்கி ஊஞ்சலாடுவதும் இந்த அடைப்பின் அடையாளம். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். சரியாகவில்லை என்றால் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இது மெக்கானிக் வேலை, சின்ன வேலை.

## எஞ்சின் ஓடுகிறது, வீட்டுக்குக் கரண்ட் வரவில்லை

ஒரு டேபிள் ஃபேனையோ விளக்கையோ எடுத்துக்கொண்டு போய் ஜெனரேட்டரின் சாக்கெட்டிலேயே செருகுங்கள். அங்கே ஓடினால் மெஷின் நன்றாக இருக்கிறது. ஒயர், பிளக், சேஞ்ச் ஓவர் கைப்பிடி, இவற்றில் ஒன்றில் தேடுங்கள். கைப்பிடி முழுசாகத் திரும்பாமல் நடுவில் நிற்பதுதான் அடிக்கடி பார்ப்பது.

அங்கேயே ஓடவில்லை என்றால் மெஷினில் உள்ள பிரேக்கரை அழுத்திப் பாருங்கள். அதுவும் சரி என்றால் ஏ.வி.ஆர். (வோல்ட்டைச் சீராக வைக்கும் பாகம்), கார்பன் பிரஷ், கெப்பாசிட்டர் என்று உள்ளே போக வேண்டும். பல மாதம் ஓட்டாமல் வைத்த மெஷினில், இரும்பில் மிஞ்சியிருக்க வேண்டிய காந்தசக்தி போய்விட்டாலும் கரண்ட் உண்டாகாது. பேட்டரி வைத்து அதை எழுப்பும் வித்தையை வீடியோ பார்த்துச் செய்ய வேண்டாம், தவறான முனையில் வைத்தால் ஏ.வி.ஆர். போய்விடும். கெப்பாசிட்டர் மெஷின் நின்ற பிறகும் ஷாக் அடிக்கும். பழுது பார்க்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## விளக்கு எரிகிறது, ஃபிரிட்ஜோ மோட்டாரோ போட்டால் படுத்துவிடுகிறது

மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதை விட ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும். ஓடும்போது 6 ஆம்பியர் எடுக்கும் பம்பு மோட்டார் கிளம்பும்போது 30-ஐத் தாண்டும். 3 கே.வி.ஏ. மெஷின் தொடர்ந்து தரக்கூடியது 13 ஆம்பியர்தான். மெஷினின் பலகையில் இரண்டு எண்கள் இருக்கும். பெரியது சில நொடிகளுக்கு, சின்னது தொடர்ந்து ஓட. கணக்குப் போட வேண்டியது சின்ன எண்ணை வைத்து. பவர் ஃபேக்டர் 0.8 என்று போட்டிருந்தால் 3 கே.வி.ஏ. என்பது 2,400 வாட்.

பெரிய மோட்டாரை முதலில் போட்டு அது நிதானமான பிறகு மற்றதைப் போடுவது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். ஃபிரிட்ஜ் நின்றால் ஐந்து நிமிஷம் விட்டுப் போடுங்கள். உடனே போட்டால் கம்ப்ரசர் அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் முக்கும்.

ஆனாலும் படுக்கிறது என்றால் ஒயரைப் பாருங்கள். மெஷினை 6 மீட்டர் தள்ளி வையுங்கள் என்றேன். போர்டு வரை சுற்றி வர 30 மீட்டர் ஒயர் ஆகிவிடலாம். 1.5 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 1.5 சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 12.1 ஓம் தடை. போக 30, வர 30, ஆக 60 மீட்டருக்கு 0.73 ஓம். 6 ஆம்பியர் ஓடும்போது 4 வோல்ட்தான் குறையும், தெரியவே தெரியாது. அதே மோட்டார் கிளம்பும்போது 30 ஆம்பியருக்கு 22 வோல்ட் அந்த ஒயரிலேயே போய்விடும். ஏற்கெனவே தளர்ந்த மெஷினுக்கு இது கூடுதல் அடி. 4 ஸ்கொயர் ஒயர் போட்டால் அந்த 22 வோல்ட் 8 ஆகக் குறைகிறது. மெஷினை மாற்றுவதற்கு முன் ஒயரை மாற்றிப் பாருங்கள். மீந்த ஒயரைச் சுருளாகச் சுற்றி வைக்காதீர்கள். சுருளின் நடுவே வெப்பம் வெளியேற வழியில்லாமல் மேலுறை உருகும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. நிறுத்திவிட்டுத் திறந்து இறுக்குங்கள்.

மூன்று ஃபேஸ் வீட்டில் ஒற்றை ஃபேஸ் ஜெனரேட்டரைக் கொடுத்து மூன்றையும் இணைத்திருந்தால் கவனம் தேவை. வழக்கமாக மூன்று ஃபேஸ் கரண்டும் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஜெனரேட்டரில் மூன்றும் கூட்டிக்கொள்ளும், நியூட்ரல் சூடாகும். மூன்று ஃபேஸ் மோட்டாரை அதில் போடவே கூடாது.

## ஆர்.சி.சி.பி. விழுகிறது, அல்லது டெஸ்டர் இரண்டு துளையிலும் மினுக்குகிறது

ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்.சி.சி.பி. மெயினில் நிற்கிறது, ஜெனரேட்டருக்கு மாற்றினால் உடனே விழுகிறது. ஒற்றை முனை சேஞ்ச் ஓவர் ஸ்விட்சின் வேலையாக இருக்கலாம். நியூட்ரலை அது பிரிக்காததால் ஜெனரேட்டரின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் கலந்து, திரும்பி வரும் கரண்டில் ஒரு பங்கு வேறு வழியில் போய்விடுகிறது. போனதும் வந்ததும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் காட்டினாலே ஆர்.சி.சி.பி. விழும். டபுள் போல் கேட்டு வாங்குங்கள் என்று மேலே சொன்னது இதற்காக. இன்னொரு காரணம், ஜெனரேட்டருக்கு ஒதுக்கிய விளக்குகளின் நியூட்ரலை ஒயரிங் செய்தவர் ஒதுக்காத சர்க்யூட்டிலிருந்து எடுத்திருப்பது. சர்க்யூட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு எதில் விழுகிறது என்று குறித்துக் கொடுத்தால் எலக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்தது, டெஸ்டரை வைத்தால் இரண்டு துளையிலும் மங்கலாக எரிவது. பல சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது, மிதக்கும். ஒரு கருவியை நேரடியாகச் செருகி ஓட்ட அது நல்ல அமைப்புதான். வீட்டு ஒயரிங்கோடு சேர்க்கும்போது நிலைமை மாறுகிறது. எர்த்துக்குத் திரும்பும் வழியே இல்லாததால், கரண்ட் எர்த்துக்குக் கசிந்தாலும் ஆர்.சி.சி.பி. விழாமல் இருக்கலாம். அதன் மேலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதே என்று கேட்பீர்கள். அந்தப் பட்டன் ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உள்ளுக்குள்ளேயே வேலை செய்கிறது. எர்த் இணைப்பே இல்லாவிட்டாலும் விழும். மெக்கானிசம் ஒட்டிக்கொள்ளவில்லை என்பதற்கு மட்டும் அது சாட்சி.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எங்கள் சேஞ்ச் ஓவர் நியூட்ரலையும் பிரிக்கிறதா? அப்படியென்றால் ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த்தோடு ஒரே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறீர்களா? மெஷினுக்கு எர்த் கம்பி எங்கே போகிறது? இந்த மூன்றுக்கும் கையால் காட்டிப் பதில் சொல்ல முடியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். மெஷினின் கையேட்டையும் அவரிடம் கொடுங்கள், இன்வெர்ட்டர் வகை மெஷின்களில் சிலவற்றில் நியூட்ரலைச் சேர்க்கக் கூடாது.

## யு.பி.எஸ். ஜெனரேட்டர் கரண்டை ஏற்க மறுக்கிறது

வீட்டு இன்வெர்ட்டரும் யு.பி.எஸ்.ஸும் வோல்ட்டோடு ஹெர்ட்ஸையும் பார்க்கும். சாதாரண ஜெனரேட்டர் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் வரை ஓடி, லோடு ஏறினால் 50-க்கு வரும். ஃபேன், ஃபிரிட்ஜ் என்று கொஞ்சம் லோடு போட்ட பிறகு யு.பி.எஸ்.ஸை இணையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் யு.பி.எஸ்., நார்மல் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் நார்மலுக்கு மாற்றுங்கள். அதில் ஏற்கும் எல்லை அகலம். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்க்ரூவைத் திருகி ஹெர்ட்ஸைச் சரிசெய்கிறேன் என்று மீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். வேகம் கூடினால் வோல்ட்டும் கூடி வீட்டுப் பொருள்கள் போகும்.

## பெட்ரோல் வாசம் அடிக்கிறது

நிறுத்துங்கள். விளக்கு ஸ்விட்சைக் கூடத் தொடாமல் தள்ளி நில்லுங்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். பெட்டி வைத்திருந்தால் அதன் அடிமட்டத்திலும் திறப்பு இருக்க வேண்டியது இதனால்தான்.

ஓடும் மெஷினிலோ சூடான மெஷினிலோ பெட்ரோல் ஊற்றாதீர்கள். சைலன்சர் மேல் சிந்தும் ஒரு கை பெட்ரோல் போதும், கொட்டகையே போகும். நிறுத்திக் குறைந்தது கால் மணி நேரம் ஆறவிட்டு, பகல் வெளிச்சம் இல்லை என்றால் டார்ச் வெளிச்சத்தில், புனல் வைத்து ஊற்றுங்கள். டேங்கை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். ராத்திரிக்கு எவ்வளவு வேண்டும் என்று சாயங்காலமே கணக்குப் பார்த்துவிட்டால் இருட்டில் ஊற்றும் அவசியமே வராது. பெட்ரோல் கேனை மெஷினுக்குப் பக்கத்திலும் வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று கொட்டகைக்குப் போகும் வழியில் இருக்கட்டும். கொட்டகைக்குள் வைத்தால் தீ பிடித்த பிறகு எடுக்க முடியாது.

## சத்தம் தாங்க முடியவில்லை

தூரம்தான் மருந்து. திறந்தவெளியில் தூரத்தை இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். ரப்பர் கட்டை தரைவழி அதிர்வைக் குறைக்கும். மெஷினுக்கும் வீட்டுக்கும் நடுவே, மெஷினிலிருந்து 1 மீட்டருக்கு மேல் தள்ளி, ஒரே ஒரு சுவர் எழுப்பினால் நல்ல பலன் கிடைக்கும். பெட்டிக்குள் மூடிச் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தால் மேலே சொன்ன வெப்பக் கதைக்குத் திரும்பிப் போய்விடுவீர்கள்.

## எல்லாம் சரியாகிவிட்டது, இனி ஓட்டும் வரிசை

இதை ஒரு தாளில் எழுதி சேஞ்ச் ஓவர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வீட்டில் எல்லாருக்கும் புரிகிற மொழியில், பெரிய எழுத்தில்.

கரண்ட் போனதும் வீட்டு லோடுகளை எல்லாம் ஆஃப் செய். கைப்பிடியை நடுவுக்குக் கொண்டு வா. மெஷினை ஸ்டார்ட் செய்து மூன்று நிமிஷம் சும்மா ஓடவிடு. கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் திருப்பு. ஃபிரிட்ஜ் முதலில், மற்றது ஒவ்வொன்றாக. கரண்ட் வந்த பிறகு லோடுகளை ஆஃப் செய், கைப்பிடியை நடுவுக்குக் கொண்டு வந்து பிறகு மெயினுக்குத் திருப்பு, மெஷின் இரண்டு நிமிஷம் லோடு இல்லாமல் ஓடி ஆறட்டும், அப்புறம் நிறுத்து.

மாதம் ஒரு முறை கரண்ட் இருக்கும்போதே இந்த வரிசையை ஒத்திகை பாருங்கள். அரை மணி நேரம், நிஜமான லோடு போட்டு. ஒவ்வொரு முறையும் வீட்டில் வேறொருவர் செய்யட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். முடிந்ததும் ஸ்விட்சால் நிறுத்தாமல் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். அடுத்த முறை ஒரே இழுப்பில் கிளம்பும்.